கடன் பாக்கி இருக்கிறது, கிளியரன்ஸ் கிடைக்குமா? அமெரிக்காவில் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை முடிவாகிவிட்டது. "செக்யூரிட்டி கிளியரன்ஸ் வந்ததும் சேரலாம்" என்கிறார்கள், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதி வந்ததும். அந்த வரியைப் படித்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்குவது பழைய கடன்தான்: கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு, வசூல் ஏஜென்சிக்குப் போன ஆஸ்பத்திரி பில், இரண்டு வருடம் தாக்கல் செய்யாத வருமான வரி. அந்தக் கலக்கத்தில் படிவத்தில் "இல்லை" என்று குறித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடனைச் சரிசெய்ய வழி உண்டு. அந்த "இல்லை"யைச் சரிசெய்வது அதைவிடப் பல மடங்கு கடினம். எந்தக் கடனை எப்படிக் காட்டுவது, எதை முதலில் கட்டுவது, சொல்லாமல் விட்டதை எப்போது எப்படித் திருத்துவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் கடனைக் கேட்கிறார்கள்?

ரொனால்ட் பெல்டன் என்எஸ்ஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தவர். 1979இல் திவால் மனு போட்டார், அதே ஆண்டு வேலையை விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் விற்ற ரகசியங்களுக்குக் கிடைத்தது 35,000 டாலர். சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத் உளவுத்துறையிடம் போனதற்கும் பணமுடைதான் காரணம். அவர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: அரசுச் சம்பளக்காரர் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். 1994இல்தான் பிடிபட்டார்.

கடன்பட்டவர்கள் எல்லாரும் நாட்டை விற்பார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. இருந்தாலும் பணநெருக்கடியில் இருப்பவரை விலைபேசுவது எளிது. அதோடு, வாக்குக் கொடுத்த பணத்தைக் கட்டாதவர் வாக்குக் கொடுத்த ரகசியத்தைக் காப்பாரா என்ற கேள்வியும் எழும். எவ்வளவு கடன் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். அது ஏன் வந்தது, வந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். இன்ன டாலருக்கு மேல் போனால் மறுப்பு என்று ஒரு வரம்பு விதியில் இல்லை. 80,000 டாலர் கடனோடு கிளியரன்ஸ் வாங்க முடியும். 8,000 டாலரை வருடக்கணக்கில் தொடாமல் விட்டவருக்கு மறுக்கவும் முடியும்.

எந்த விதிப்படி முடிவெடுக்கிறார்கள்?

கிளியரன்ஸுக்கு நீங்களாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசு அலுவலகமோதான் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும். நிறுவனத்தில் இதைப் பார்ப்பவர் எஃப்எஸ்ஓ எனப்படும் பாதுகாப்பு அலுவலர். எஸ்எஃப்-86 என்ற நீண்ட கேள்விப் படிவத்தை இ-ஆப் என்ற இணையதளத்தில் நிரப்ப வேண்டும். பிறகு விசாரணை நடக்கும். பெரும்பாலான விசாரணைகளை டிசிஎஸ்ஏ என்ற முகமை நடத்துகிறது. திரட்டிய விவரங்களை வைத்து இன்னோர் அதிகாரி முடிவெடுப்பார்.

அவர் கையில் இருக்கும் அளவுகோல் 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் சீட்-4 என்ற உத்தரவு. அதில் ஏ முதல் எம் வரை 13 பிரிவுகள் உண்டு. பணம் பற்றியது எஃப் பிரிவு. நேர்மை, நடத்தை பற்றியது இ பிரிவு. கடன் இருந்தால் எஃப் பிரிவுக் கேள்வி மட்டும் வரும். கடனை மறைத்தால் எஃப், இ இரண்டும் சேர்ந்து வரும். எஃப் பிரிவுக் குறையைப் பணம் கட்டி, ரசீது காட்டித் தீர்க்கலாம். இ பிரிவுக் குறைக்கு அப்படிக் காட்ட எந்த ரசீதும் கிடையாது.

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ஈகன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் மிஞ்சினால் அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகப் போகாது, தேசப் பாதுகாப்புக்குச் சாதகமாகவே போகும். அதனால் உங்கள் பக்க நியாயத்தைக் காகிதத்தோடு நிரூபிக்கும் வேலை உங்களுடையது. அவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் வேலை: அவர்கள் பார்ப்பதை நீங்கள் முன்னால் பாருங்கள்

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் உங்கள் கடன் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுங்கள். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்றும் வாரம் ஒருமுறை இலவசம். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். சில வசூல் ஏஜென்சிகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தகவல் தருவதால், ஒன்றில் இல்லாத கணக்கு இன்னொன்றில் இருக்கும். கிரெடிட் ஸ்கோர் மட்டும் காட்டும் செல்போன் செயலி இதற்குப் போதாது. இங்கே யாரும் ஸ்கோரைக் கேட்பதில்லை, கணக்குகளைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்து மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, கடந்த ஏழு ஆண்டுகளுக்கான வரிக் கணக்குப் பதிவை (அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்) இறக்குங்கள். எந்த ஆண்டு தாக்கல் ஆகவில்லை, எந்த ஆண்டில் பாக்கி நிற்கிறது என்று அதில் தெரியும். மாநில வரியைத் தனியாகப் பாருங்கள். இடையில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் பழைய மாநிலத்தின் பாக்கியை மறந்துவிடுவது உண்டு.

பிறகு ஒரு தாள் எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முதலில் யாரிடம் வாங்கியது, இப்போது யார் கையில் இருக்கிறது, கணக்கு எண், தொகை, கடைசியாகக் கட்டிய தேதி, கட்டாமல் போன காரணம், இன்றைய நிலை. முக்கியமானது "இப்போது யார் கையில்" என்ற பத்தி. ஒரே கார்டு பாக்கி மூன்று ஏஜென்சிகள் கைமாறி, ரிப்போர்ட்டில் மூன்று கடன்போலத் தெரியும். அது ஒன்றுதான் என்று இப்போதே கண்டுபிடித்துவிட்டால், பிறகு நேர்காணலில் தடுமாற வேண்டாம்.

ரிப்போர்ட்டில் வராத கடன்களும் இருக்கின்றன. 500 டாலருக்குக் குறைவான மருத்துவப் பாக்கிகள் 2023 முதல் கிரெடிட் ரிப்போர்ட்டில் வருவதில்லை. வெளிநாட்டு வங்கிக் கடனும் தெரியாது. ஏழு ஆண்டு கடந்த பாக்கி ரிப்போர்ட்டிலிருந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்ததால் கடன் தீர்ந்ததாக ஆகாது. படிவம் கேட்பது உங்கள் கடனை. அது ரிப்போர்ட்டில் தெரிகிறதா என்று கேட்கவில்லை.

எஸ்எஃப்-86, 26ஆம் பகுதி

பணம் பற்றிய கேள்விகள் எல்லாம் இந்தப் பகுதியில்தான். அவசரமாகப் படித்தால் தவறு செய்துவிடும்படிதான் கேள்விகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள காலத்தை முதலில் படியுங்கள்.

கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு போட்டீர்களா என்பது முதல் கேள்வி. அடுத்தது சூதாட்டத்தால் எப்போதாவது பணப் பிரச்சினை வந்ததா என்பது. இதற்கு ஏழு ஆண்டு வரம்பு இல்லை, வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். மூன்றாவது, ஏழு ஆண்டுகளில் மத்திய, மாநில, பிற வரிகளைத் தாக்கல் செய்யாமலோ கட்டாமலோ விட்டீர்களா என்று கேட்கிறது. "தாக்கல் செய்யவில்லை", "கட்டவில்லை" இரண்டும் தனித்தனிக் குற்றங்கள். தாமதமாகத் தாக்கல் செய்து இன்று எல்லாம் சரியாக இருந்தாலும் பதில் "ஆம்"தான். அலுவலகம் கொடுத்த பயணக் கார்டை விதிக்கு மாறாகப் பயன்படுத்தி எச்சரிக்கை வாங்கினீர்களா, இப்போது கடன் ஆலோசனை அமைப்பின் உதவியில் இருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம். அது உங்களுக்குச் சாதகமான பதில்.

அதன்பின் வரும் இரண்டு கேள்விகள்தான் பலரும் வழுக்கி விழும் இடம். முதலாவது குழந்தைப் பராமரிப்புத் தொகை, ஜீவனாம்சம், கோர்ட் தீர்ப்பு, பாக்கிக்காகச் சொத்தின்மேல் போட்ட பிடிமானம் (லீன்), மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய கடன் ஆகியவை பற்றியது. அரசுக் கல்விக்கடனும் இதில் அடங்கும். இரண்டாவது சாதாரணக் கணக்குகள் பற்றியது: ஏழு ஆண்டுகளில் கார் பறிமுதல், வீடு ஏலம், வாடகை பாக்கியால் வெளியேற்றம், சம்பளப் பிடித்தம், வசூலுக்குப் போன பில், சார்ஜ் ஆஃப் ஆன கணக்கு, 120 நாளுக்கு மேல் தவணை தவறியது ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. இன்றைய தேதியில் 120 நாளுக்கு மேல் தவறியது உண்டா என்றும் தனியாகக் கேட்கிறது.

இதில் மூன்று தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, "கட்டிமுடித்துவிட்டேனே, எதற்கு எழுத வேண்டும்" என்று விடுவது. ஏழு ஆண்டுக்குள் வசூலுக்குப் போயிருந்தால், கட்டியிருந்தாலும் எழுத வேண்டும். கட்டிய தேதியையும் சேர்த்து எழுதினால் அது உங்களுக்கு நல்ல சாட்சி. இரண்டு, சார்ஜ் ஆஃப் என்றால் தள்ளுபடி என்று நினைப்பது. கடன் கொடுத்தவர் தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். உங்கள் கடன் அப்படியே இருக்கிறது. மூன்று, ஜாமீன் கையெழுத்து. தம்பிக்கோ நண்பருக்கோ கார் லோனில் கூடக் கையெழுத்துப் போட்டு அவர் கட்டாமல் விட்டிருந்தால் அது உங்கள் கடனும்கூட. ஜாமீன்தாரராக நிற்கும் கடன்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று படிவமே கேட்கிறது.

ஒரு தொகையோ தேதியோ சரியாக நினைவில்லையா? உத்தேசமாக எழுதி, உத்தேசம் என்று குறிப்பிடுங்கள். தெரியாத கணக்குகள் இருக்கலாம் என்று தோன்றினால் குறிப்புப் பெட்டியில் சொல்லுங்கள். அதில் கதை எழுதாதீர்கள், தேதியும் தொகையும் எழுதுங்கள். இந்த மாதிரி போதும்: "2022 மார்ச்சில் வேலை போனது, ஆறு மாதம் வருமானம் இல்லை. 4,800 டாலர் கார்டு பாக்கி அக்டோபரில் வசூலுக்குப் போனது. 2024 ஜனவரி முதல் மாதம் 150 டாலர் கட்டுகிறேன், 18 தவணை முடிந்தது. பாக்கி 2,100."

அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப் ஆக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள் அதை ஒருமுறை படிக்க வேண்டியிருக்கும்.

எதை முதலில் கட்டுவது?

எல்லாக் கடனையும் தீர்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. நடக்கக்கூடிய திட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதன்படி நீங்கள் உண்மையில் கட்டிவந்திருக்க வேண்டும். இதைத்தான் கிளியரன்ஸ் வழக்குகளுக்கான மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் வரி. அரசின் ரகசியத்தைக் கேட்பவர் அரசின் சட்டத்தை மதிக்கிறாரா என்ற கேள்வி அதில் இருப்பதால், வரித் தவறு மற்றக் கடன்களைவிடக் கனமாகப் பார்க்கப்படுகிறது. கையில் காசு இல்லை என்று தாக்கல் செய்யாமல் இருப்பது மிக மோசமான முடிவு. தாக்கல் செய்யாததற்கான அபராதம் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை ஏறும். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம்தான். எனவே விட்டுப்போன ஆண்டுகளை எல்லாம் முதலில் தாக்கல் செய்யுங்கள். பிறகு 9465 படிவத்திலோ ஐஆர்எஸ் தளத்திலோ தவணை ஒப்பந்தம் கேளுங்கள். ஒப்பந்தம் ஏற்கப்பட்ட கடிதம், அதன்பின் கட்டிய ஒவ்வொரு மாத ரசீது, இரண்டும் சேர்ந்தால்தான் பலன். விதியில் இதற்கென்றே தனியாகச் சலுகைப் பிரிவு இருக்கிறது. 4868 படிவம் அக்டோபர் 15 வரை அவகாசம் தருகிறதே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது தாக்கல் செய்வதற்கான அவகாசம், பணம் கட்டுவதற்கு அல்ல.

வரிக்கு அடுத்து குழந்தைப் பராமரிப்புத் தொகையும் அரசுக் கல்விக்கடனும். கல்விக்கடன் 270 நாள் தவறினால் கடனைக் கட்டத் தவறியதாக (டிஃபால்ட்) ஆகிவிடும். அதற்குமுன் வருமானத்துக்கேற்ற தவணைக்கு மாறிவிட்டால், தவணை சிறிதாக இருந்தாலும் கணக்கு நல்ல நிலையில் இருக்கிறது என்றே பொருள்.

வசூல் ஏஜென்சியிடம் பணம் தருமுன் கடன் உங்களுடையதுதானா, தொகை சரியா என்று உறுதிசெய்யுங்கள். அவர்கள் முதல் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் காட்டும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். கிரெடிட் ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் அந்த நிறுவனத்திடம் முறையிடுங்கள், பொதுவாக 30 நாளில் விசாரிப்பார்கள். மறுத்ததற்கும் கடிதம், பதிலின் நகல் எல்லாம் வேண்டும். "அது என்னுடையதல்ல" என்று வாயால் சொன்னால் எடுபடாது.

தொகையைக் குறைத்து செட்டில் செய்வதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தத்தைக் கடிதமாக வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி ஆனால் 1099-சி படிவம் வரும், தள்ளுபடித் தொகை வருமானமாகக் கணக்கிடப்படும். அதை வரியில் காட்டாமல் விட்டால், ஒரு கடனைத் தீர்க்கப் போய் வரிப் பிரச்சினையை வரவழைத்துக்கொண்டதாக முடியும். அந்தச் சமயத்தில் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்திருந்தால் 982 படிவம் உதவும்.

"எங்களுக்கு மட்டும் கட்டுங்கள், கடன்காரர்களுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள்" என்று சொல்லும் லாபநோக்கு செட்டில்மென்ட் நிறுவனங்களை விட்டு விலகியே இருங்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் நல்ல நிலையில் இருக்கும் கணக்குகளும் 120 நாள் தாண்டும். கிளியரன்ஸ் விசாரணையின் நடுவில் அது நடந்தால் கேட்கவே வேண்டாம். விதி நல்ல பெயர் சொல்வது லாபநோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்புகளுக்கு. ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் படைத்தளத்திலேயே இலவச நிதி ஆலோசகர் உண்டு.

திவால்? அது சட்டபூர்வமான வழி, அதனால் மட்டும் கிளியரன்ஸ் மறுக்கப்படாது. திவால் சட்டத்தின் சாப்டர் 13இல் மூன்று முதல் ஐந்து ஆண்டுத் தவணைத் திட்டம் இருப்பதால், ஒழுங்காகக் கட்டிவந்தால் முயற்சிக்குச் சான்றாகும். சாப்டர் 7இல் பெரும்பாலான கடன்கள் அப்படியே அழிந்துவிடுவதால், "சட்டம் கொடுத்த விடுதலை, இவர் முயற்சி எங்கே?" என்ற கேள்வி வரும். வேலையிழப்பு, விவாகரத்து, நோய் போன்ற உங்கள் கையில் இல்லாத காரணம் இருந்தால் பதில் சொல்லலாம். ஊதாரிச் செலவு காரணமாக இருந்தால் கடினம்.

எதெல்லாம் நல்லெண்ண முயற்சியாக எடுபடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடனின் சட்டக் காலவரம்பு முடிந்துவிட்டது என்ற வாதம் கோர்ட்டில் செல்லும், இங்கே அதற்கு மதிப்புக் குறைவு. சம்பளத்தில் பிடித்தம் செய்து கட்டியது நீங்களாகக் கட்டியதுபோல் ஆகாது. "வேலை கிடைத்ததும் கட்டிவிடுவேன்" என்ற வாக்குறுதிக்கு அநேகமாக மதிப்பே இல்லை. குற்றச்சாட்டுக் கடிதம் வந்தபிறகு தொடங்கிய தவணைக்கு, அதற்கு ஓராண்டு முன் தொடங்கிய 50 டாலர் தவணையின் எடை கிடையாது. பழைய கடனுக்கு ஒரு சிறு தொகை கட்டினாலே பல மாநிலங்களில் காலவரம்பு புதிதாகத் தொடங்கிவிடும். அதனால் மிகப் பழைய, பெரிய கடன் இருந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்?

படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது மத்தியச் சட்டம் 18ஆம் தொகுப்பு 1001ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை என்று படிவமே எச்சரிக்கிறது. வழக்குப் போடாவிட்டாலும் இ பிரிவுப்படி கிளியரன்ஸ் மறுக்க அதுவே போதும். கிரெடிட் ரிப்போர்ட், கோர்ட்டுப் பதிவு, பழைய முதலாளி, அண்டைவீட்டார் என்று பல பக்கமும் விசாரிக்கிறார்கள். 3,000 டாலர் பாக்கியை மறைத்தவர் பிடிபடும்போது அந்த 3,000 டாலர் யாருக்கும் பொருட்டாக இருக்காது. சிறிய விஷயத்துக்கே பொய் சொன்னவர் பெரிய தவறு நடந்தால் வந்து சொல்வாரா என்பதுதான் அப்போது கேள்வி.

மறந்து விட்டதற்கும் மறைத்ததற்கும் வேறுபாடு உண்டு. குற்றம் ஆவது வேண்டுமென்றே மறைத்தால் மட்டுமே. ஆனால் வேண்டுமென்றா என்பதைச் சூழ்நிலையை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள். 12 கணக்குகளில் ஒன்றை மட்டும் விட்டிருந்தால் மறதி என்பது நம்பும்படி இருக்கும். 12ஐயும் விட்டுவிட்டு மறதி என்றால் எடுபடாது. போன மாதம்தான் சம்பளப் பிடித்தம் தொடங்கியது, அதற்கு "இல்லை" என்று பதில் என்றால் சொல்லவே வேண்டாம். கேள்வி புரியவில்லை என்ற விளக்கமும் படித்த, அலுவலக வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து வந்தால் வலுவிழந்துவிடும்.

தவறாக அனுப்பிவிட்டீர்கள் என்றால் என்ன செய்வது? இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தவறான பதிலைத் திருத்த விதியில் ஒரு கதவு திறந்திருக்கிறது: அவர்கள் உண்மையை எடுத்து உங்கள் முன் வைப்பதற்குள், நீங்களே முன்வந்து, தாமதமின்றி, நல்லெண்ணத்துடன் திருத்த வேண்டும். உங்கள் முன் வைத்த பிறகு ஒப்புக்கொள்வது திருத்தம் ஆகாது. எனவே இன்றே எஃப்எஸ்ஓவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விசாரணை அதிகாரியின் பெயர் தெரிந்தால் அவருக்கும் எழுதுங்கள். "26ஆம் பகுதியில் இன்ன கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். சரியான பதில் 'ஆம்'. விவரம் இது" என்பது போதும். அனுப்பிய மின்னஞ்சலின் நகலைத் தேதியோடு வைத்திருங்கள்.

வழக்கறிஞரோ பாதுகாப்பு அலுவலரோ சொன்னபடி தவறாக நிரப்பியிருந்தால் அதற்கும் ஓரளவு மன்னிப்பு உண்டு, உண்மை தெரிந்தவுடன் நீங்கள் முழுமையாகச் சொல்லியிருந்தால். "எழுதாதே, அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று சக ஊழியரோ உறவினரோ சொன்னது இந்தக் கணக்கில் சேராது. நமக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் படிவத்தில் கையெழுத்து நம்முடையது.

இது கடனுக்கு மட்டுமல்ல. பழைய வேலையிலிருந்து நீக்கப்பட்டதை "சொந்தக் காரணம்" என்று எழுதுவது, ஏழு ஆண்டுக்குள் போதைப்பொருள் பயன்படுத்தியதை விடுவது, கோர்ட்டு மூடி முத்திரையிட்ட வழக்கை எழுதாமல் விடுவது எல்லாம் இதே பிரிவில்தான் வந்து சேரும். ஒரு கேள்வியில் பொய் பிடிபட்டால் மற்ற எல்லாப் பதில்களின் மேலும் சந்தேகம் விழும், கடனுக்கு நீங்கள் சொன்ன நியாயமான காரணத்தின் மேலும்தான்.

நேர்காணலில்

விசாரணை அதிகாரி முதலில் பொதுவாகக் கேட்பார்: "படிவத்தில் சொன்னதைத் தவிர வேறு பாக்கி ஏதாவது உண்டா?" அப்போது அவர் கோப்பில் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் இருக்கலாம். நீங்களாகச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. விட்டுப்போனது எது இருந்தாலும் அந்தக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த கேள்வியில் அவர் கணக்கு எண்ணைப் படிக்கத் தொடங்கினால் கதவு மூடிவிட்டது.

ரசீது, ஒப்பந்தக் கடிதம், டிரான்ஸ்கிரிப்ட், ஒரு பக்க மாத வரவுசெலவுக் கணக்கு ஆகியவற்றின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வரவுசெலவுக் கணக்கில் மாதக் கடைசியில் கொஞ்சமாவது மிஞ்சுவது தெரிய வேண்டும். மிஞ்சாவிட்டால், புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கிறார் என்று பொருளாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள்.

கடன் நிலுவையில் இருந்தால் இடைக்கால கிளியரன்ஸ் தராமல் விடலாம். அது இறுதி மறுப்பு அல்ல, முழு விசாரணை தொடரும். அதைப் பார்த்துப் பயந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டாம்.

குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால்

ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ் என்ற கடிதம் வந்தால், மறுக்கும் எண்ணம் இருக்கிறது, காரணங்கள் இவை என்று பொருள். ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்கை பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகமான டோஹாவின் நிர்வாக நீதிபதி பார்ப்பார். பதில் தர 20 நாள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" அல்லது "மறுக்கிறேன்" என்று தனித்தனியாக, உறுதிமொழியோடு எழுத வேண்டும். விசாரணை வேண்டுமா, காகிதங்களை வைத்தே முடிவெடுக்கலாமா என்றும் கேட்பார்கள்.

விசாரணையைக் கேளுங்கள் என்பது எங்கள் துணிவான பரிந்துரை, குறிப்பாக இ பிரிவுக் குற்றச்சாட்டு இருந்தால். நீங்கள் வேண்டுமென்றே மறைக்கவில்லை என்பதை நீதிபதி உங்கள் முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு முடிவுசெய்வது ஒன்று, தாளை மட்டும் பார்த்து முடிவுசெய்வது இன்னொன்று. காகித வழியைத் தேர்ந்தால் அரசுத் தரப்பு தன் ஆவணங்களை அனுப்பும், அதற்குப் பதிலளிக்க 30 நாள். அந்த 30 நாளில் எதையும் அனுப்பாமல் விடுபவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புத் தர வேண்டும். மேல்முறையீட்டில் புதிய ஆதாரத்தை ஏற்க மாட்டார்கள். ஆகவே ரசீது எல்லாம் முதல் விசாரணையிலேயே உள்ளே போயிருக்க வேண்டும். இறுதியாக மறுக்கப்பட்டால் ஓராண்டு கழித்து மறுபடி முயலலாம், நிறுவனம் ஒன்று பெயரை அனுப்பினால். டோஹாவின் பழைய முடிவுகள் பெயர் நீக்கி இணையத்தில் வெளியாகியிருக்கின்றன. உங்கள் நிலைமையைப் போன்ற ஐந்தாறு முடிவுகளை உட்கார்ந்து படியுங்கள். நீதிபதிகள் எந்தக் காகிதத்துக்கு மதிப்புத் தருகிறார்கள் என்று அதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகு

முன்பு சீக்ரெட் நிலை கிளியரன்ஸ் என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை, அதைவிட உயர்ந்த டாப் சீக்ரெட் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை நடக்கும். இப்போது தொடர் கண்காணிப்பு. கிரெடிட், கோர்ட்டுப் பதிவுகளில் மாற்றம் வந்தால் தானாகத் தகவல் போகும். திவால் மனு, 120 நாள் தாண்டிய கடன் இரண்டையும் நீங்களே தெரிவிக்க வேண்டும் என்பது சீட்-3 உத்தரவு. டாப் சீக்ரெட் வைத்திருப்பவர் சம்பளப் பிடித்தத்தையும், வாரிசுச் சொத்து, பரிசு போன்று 10,000 டாலரோ அதற்கு மேலோ வழக்கத்துக்கு மாறாக வந்த பணத்தையும் சொல்ல வேண்டும். பணம் திடீரென்று வந்தாலும் கேள்வி வரும் என்பதற்கு ஏம்ஸின் வீடே காரணம். அப்படி வந்தால் உயில், விற்பனைப் பத்திரம், வங்கிப் பரிமாற்ற ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, கண்காணிப்பில் தெரியும்வரை காத்திராமல், எஃப்எஸ்ஓவுக்கு எழுத்தில் அனுப்பி நகலைப் பழைய எஸ்எஃப்-86 இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.